பழைய மியாட்டா, ஐந்து பங்காளிகள், ஆறு வருடம்

போன மாதம் எங்கள் காரின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதிவேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆறு வருடத்தில் பதினேழு பந்தயம் ஓடியிருக்கிறது, ஐந்து பேர் காசு போட்டு வாங்கிய 1992 மாடல் மாஸ்டா மியாட்டா, இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பங்காளிகள் என்றால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் ஐந்து பேரும் இன்னும் இருக்கிறோம், காரும் இருக்கிறது. கார் பந்தயத்தில் இறங்கலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம். நாங்கள் அதிகம் ஓடுவது '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' பந்தயங்களில். 2006இல் ஜே லாம் என்பவர் தொடங்கியது. பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் கிண்டல் செய்கிற பெயர். அமெரிக்கர்கள் ஓட்டை வண்டியை 'லெமன்' என்பார்கள். காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக் கூண்டு, சீட், பெல்ட், பிரேக், சக்கரம், டயர் இவை அந்தக் கணக்கில் சேராது. பெயரில் 24 இருந்தாலும் பெரும்பாலும் சனிக்கிழமை ஏழெட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு மணி நேரம், அவ்வளவுதான். நாலைந்து பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். அதிகச் சுற்று முடித்த கார் ஜெயிக்கும்.

மியாட்டாவைப் பார்த்தாலே பரிசோதனை நடுவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். ‘இது ஐந்நூறு டாலரா?’ சந்தேகம் வந்தால் தண்டனைச் சுற்றுகள் எழுதிவிடுவார்கள்; கொடி அசைவதற்கு முன்பே உங்கள் கணக்கு மைனஸில் நிற்கும். நடுவருக்கு எல்லோர் முன்னாலும் 'லஞ்சம்' கொடுப்பது இந்தப் பந்தயத்தின் வேடிக்கைச் சடங்கு. நாங்கள் கொண்டுபோவது ஒரு டப்பா முறுக்கு. முதல் பந்தயத்தன்று நான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதைப் பார்த்துவிட்டு, இந்தப் பந்தயத்தின் பெயரை உண்மையாகப் புரிந்துகொண்ட ஒரே அணி நாங்கள்தான் என்று பக்கத்து அணிக்காரர் சொன்னார்.

சரி, கார். 1.6 லிட்டர் எஞ்சின், புதிதாக வந்தபோது 116 குதிரைசக்தி. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நேர்ச்சாலையில் யார் வேண்டுமானாலும் எங்களை முந்துவார்கள். வி8 எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார் ஒன்று உறுமிக்கொண்டு போனால் எங்கள் கார் நிற்பது போலவே இருக்கும். ஆனால் நீண்ட பந்தயத்தில் அந்த எடைதான் மற்ற எல்லாச் செலவையும் தீர்மானிக்கிறது. கனமான காரின் டயர் ஒரே நாளில் வழுவழுவென்று ஆகிவிடும். விதிப்படி சீக்கிரம் தேயும் பந்தய டயர் கூடாது, சாலை டயர்தான் போட வேண்டும்; எங்களுக்கு ஒரு செட் இரண்டு பந்தயத்துக்கு வருகிறது. பிரேக் பேடும் அப்படித்தான். 45 லிட்டர் டேங்க்கில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால், டேங்க்கின் கடைசிக் கால் பங்கில் நீளமான வளைவு வரும்போது பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் இருமும். நாங்கள் இருமும் வரை காத்திருப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்து உள்ளே அழைத்துவிடுவோம்.

எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது முதலில் மாஸ்டா 323 என்கிற குடும்பக் காரில் குறுக்குவாட்டில் உட்கார்ந்த எஞ்சின். மியாட்டாவில் அதையே நீளவாட்டில் வைத்தபோது, சூடான தண்ணீர் வெளியேறும் வழி எஞ்சினின் முன்பக்கத்துக்கு மாறியது. அதனால் பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம் குறைவு. சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை. மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுகிறவர்கள் மட்டும் குழாயை மாற்றி, தண்ணீரைப் பின்பக்கமாக வெளியே எடுக்கிறார்கள். நாங்களும் முதல் பந்தயத்துக்கு முன்பே அதைச் செய்துவிட்டோம். தண்டர்ஹில் ட்ராக் இருக்கும் வில்லோஸ் ஊரில் ஜூலை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாளில்கூட எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. உள்ளே இருந்த எனக்குத்தான் கொதித்தது. அதற்குப் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடும் சட்டை ஒன்று உண்டு. ஐஸ் போட மறந்தால் வெந்நீர் ஒத்தடம்.

முதல் இரண்டு வருடமும் நாங்கள் வேகத்தைத் துரத்தினோம். அதில் முக்கியக் குற்றவாளி நான். வீட்டில் சிமுலேட்டர், கையில் ஸ்டாப்வாட்ச், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிராஃப். எழுபது, எண்பது கார்கள் ஓடும் இடத்தில் நாற்பதாவது, ஐம்பதாவது என்று முடித்துக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டுக் காட்டியவர் எங்கள் அணியின் வாத்தியார். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற அமெரிக்கர். 'வாத்தியார்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகு எங்களை விட அவரே அதை அதிகம் சொல்கிறார். தண்டர்ஹில் ட்ராக் மூன்று மைல், பதினைந்து வளைவு. எங்கள் கார் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 20 நொடி வாக்கில் எடுக்கும். நிற்காமல் ஏழு மணி நேரம் ஓடினால் 180 சுற்று. பிட்டில், அதாவது பெட்ரோல் போடவும் ஆள் மாறவும் கார் வந்து நிற்கும் இடத்தில், ஐந்து நிமிடத்தை வீணாக்கினால் இரண்டு சுற்று போச்சு. அதை ஓட்டியே மீட்க வேண்டுமென்றால், நாள் முழுக்க, எல்லா ஓட்டுநரும், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நொடிக்கு மேல் வேகமாகப் போக வேண்டும். முந்தைய பந்தயத்தில் நாங்கள் பிட்டில் எவ்வளவு வீணடித்தோம் என்று அவர் கணக்கெடுத்து வைத்திருந்தார். நாற்பத்தோரு நிமிடம்! ஒரு பெல்ட் முறுக்கிக்கொண்டு ஆறு நிமிடம், பெட்ரோல் கேன் மூடியைத் தேடி நாலு நிமிடம், நான் புல்லில் நான்கு சக்கரத்தையும் இறக்கியதற்குக் கருப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்து நிறுத்தி வைத்தது பதினொரு நிமிடம். மீதியை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து புது ஷாக் அப்சார்பருக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடவில்லை. என் வீட்டு கராஜில் காரை நிறுத்தி, ஆள் மாறுவதைத் திரும்பத் திரும்பப் பழகினோம். மியாட்டாவின் உள்ளிடம் ஒரு ஆட்டோ ரிக்‌ஷாவின் முன் சீட் அளவுதான். ஹெல்மெட்டின் உச்சி கூண்டின் மேல்கம்பிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், ஆறே கால் அடி உயரப் பங்காளிக்காக சீட்டைத் தரையோடு தரையாக ஒட்டி வைத்திருக்கிறோம். ஐந்தே முக்கால் அடிக்காரனான நான் அப்படியே உட்கார்ந்தால் டாஷ்போர்டுதான் தெரியும். எனக்கென்று என் முதுகின் அச்சில் வார்த்த ஒரு ஃபோம் திண்டு உண்டு.

கார் உள்ளே வருகிறது. ஓட்டுநர் கடைசி வளைவிலேயே தோள் பெல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்தால் திட்டு விழும், நின்ற பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கழற்றி டாஷ் மேல் வைப்பார். ஜன்னல் வலை, ரேடியோ வயர், குளிர்சட்டைக் குழாய், கடைசியில் பெல்ட். இந்த வரிசை மாறினால் ஏதாவது ஒன்று ஆளைப் பிடித்து இழுக்கும். தோள் பட்டைகள் சீட்டுக்குள் சரிந்து விழாமல் இருக்க, கூண்டுக் கம்பியில் ரப்பர் கயிறு கட்டி மேலே தூக்கி வைத்திருக்கிறோம். மூன்று டாலர் சமாச்சாரம், ஆறு வருடத்தில் வாங்கிய சாமான்களிலேயே அதிகம் உழைத்தது அதுதான். புது ஆள் உட்கார்ந்ததும் பெல்ட்டை அவர் இழுப்பது போதாது. வெளியே இருப்பவர் முழங்காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு மூட்டை கட்டுவது போல இழுத்துக் கட்ட வேண்டும்.

பெட்ரோல் தனி வேலை. ஊற்றும்போது காருக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஊற்றுபவர் தீ தாங்கும் உடை முழுக்கப் போட்டிருக்க வேண்டும், இன்னொருவர் தீயணைப்பானின் பின்னைப் பிடுங்கத் தயாராக நிற்க வேண்டும். ஐந்து காலன் கேன் ஒன்று கிட்டத்தட்ட பதினாலு கிலோ. அதைத் தோள் உயரத்தில் அசையாமல் பிடித்து ஊற்றுவது வாத்தியாரின் இலாகா. அவசரப்படாத கை அவருடையது மட்டும்தான்.

இப்படிப் பழகி, லேப் டைம் ஒரு நொடிகூடக் குறையாமல், மூன்றாவது வருடக் கடைசியில் இருபத்திரண்டாவதாக முடித்தோம். காரில் மாற்றியது எண்ணெய் மட்டும்.

நாலாவது வருடம் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மியாட்டாவை ட்ராக்கில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், முன் சக்கர பேரிங் அவ்வப்போது மாற்ற வேண்டிய சாமான். வெள்ளிக்கிழமை இரவு சக்கரத்தை ஆட்டிப் பார்த்தபோது வலது பக்கம் லேசான ஆட்டம் தெரிந்தது. 'இன்னொரு பந்தயம் தாங்கும்' என்று சொன்னது நான்தான். ஞாயிறு மதியம் நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவு நீளமான இடது வளைவு, பாரம் முழுக்க வலது முன் சக்கரத்தில். தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அடுத்து பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி வரை காலியாக இறங்கியது. பேரிங் ஆடும்போது டிஸ்க்கும் ஆடும், அது பேடைப் பின்னால் தள்ளிவிடும். முதல் மிதியில் பேட் திரும்பி டிஸ்க்கைத் தொடவே நேரம் போய்விடும். நேர்ச்சாலையில் இடது காலால் பெடலை ஒருமுறை தட்டி வைத்துக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, மனம் கேட்காமல் உள்ளே வந்தேன்.

மாற்று ஹப், அதாவது பேரிங்கோடு சேர்ந்த சக்கரத்தின் நடுப்பாகம், எங்களிடம் இருந்தது. நடு நட்டைக் கழற்றும் 29 மில்லிமீட்டர் சாக்கெட்தான் ஃப்ரீமான்டில் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய வோல்வோ அணி. அன்று எங்களுக்கு ஒரு சுற்று மட்டும் பின்னால் இருந்தவர்கள். நாங்கள் நின்றால் அவர்களுக்குத்தான் லாபம். சாக்கெட்டைக் கேட்டதும் ஒரு பையன் நீளமான கைப்பிடியோடு ஓடி வந்தான், கொடுத்துவிட்டுப் போகாமல் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கம்பியில் தூக்கிக் கட்டிவிட்டு நட்டையும் அவனே முறுக்கினான். முப்பத்து நாலு நிமிடம். பதினாலு சுற்று. இப்போதெல்லாம் நாலு பந்தயத்துக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும் முன் ஹப் இரண்டையும் மாற்றிவிடுகிறோம். சாக்கெட் இரண்டு வாங்கி ஒன்றை வோல்வோக்காரர்களுக்குக் கொடுத்தோம்.

செலவு: நுழைவு, டயர், பெட்ரோல், தங்குவது எல்லாம் சேர்த்து ஒரு பந்தயத்துக்கு என் பங்கு 900 டாலர் வாக்கில் வருகிறது. ஹெல்மெட், தீ உடை, கழுத்துக் காப்பு தனி. கூண்டுக்கு ஆன செலவு காரின் விலையைப் போலப் பல மடங்கு. அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

பிடிக்காதது? சத்தம். முதுகு. மூன்றாவது கியர் இப்போதெல்லாம் சூடானால்தான் விழுகிறது. கனமான கார்கள் பக்கத்தில் உரசும்போது இந்த எடையில் எங்களுக்குத்தான் அடி அதிகம். முந்துகிறவர்தான் பொறுப்பு என்பது விதி, ஆனாலும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

வாத்தியார் எங்கள் ஐந்து பேரில் மெதுவானவர், என்னைவிடச் சுற்றுக்கு நாலு நொடி அதிகம். ஆறு வருடத்தில் ஒரு கருப்புக் கொடி வாங்கியதில்லை. அவருக்கு வருகிற மாதம் முழங்கால் ஆபரேஷன், இரண்டு பந்தயத்துக்கு வர முடியாது. அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். நன்றாக வேகமாக ஓட்டுவேன் என்று சொன்ன மூன்று பேரை வாத்தியாரே திருப்பி அனுப்பிவிட்டார்.