இன்காய்ஸ் மீன்வள அறிவிப்பு: இடம் சொல்லும், முறை சொல்லாது

ஐதராபாத்தின் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனம் மீன் கூடும் இடத்தைக் குறித்து இலவசமாக அனுப்பும் அறிவிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "மீன் படுமா" என்ற கேள்விதான் முதலில் வரும். படும், ஆனால் எல்லா மீனும் இல்லை. ஒரே புள்ளி எல்லார் போனிலும் ஏறிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சேவையை எடைபோட வேண்டும்.

செயற்கைக்கோள் கடல்மேல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளக்கிறது. குளிர்நீரும் வெதுநீரும் உரசும் விளிம்பில் நுண்பாசி பெருகும், அதைத் தேடிச் சிறுமீன் வரும், அதன் பின்னால் பெருமீன் வரும். ஆகவே சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்று மேல்நீரில் கூட்டமாகத் திரியும் மீனுக்கே இது உதவும். இறாலுக்கும் நண்டுக்கும் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், கிடக்கும் களவாவுக்கும் இதை நம்பி டீசல் ஊற்றாதீர்கள்.

ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் திசை, கோணம், கிலோமீட்டரில் தூரம், மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தருகிறார்கள். மீனவர் ஆழம் சொல்லும் ஒரு பாகம் ஏறக்குறைய 1.83 மீட்டர். 33 மீட்டர் என்றிருந்தால் 18 பாகம். இடத்தை ஜிபிஎஸ்ஸில் ஏற்றும்போதுதான் தவறு நடக்கிறது. அறிவிப்பில் பாகை, நிமிடம், விநாடி என்று இருக்கும். கருவி தசம நிமிடத்தில் இருந்தால் விநாடியை 60ஆல் வகுத்து ஏற்ற வேண்டும். 30 விநாடி என்பது 0.5 நிமிடம். அதை 0.30 என்று அடித்தால் அட்சரேகையில் 370 மீட்டர் தள்ளிப் போவீர்கள். நீரோட்டமும் காற்றும் அந்த விளிம்பையே நகர்த்திவிடும் என்பதால் பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு ஓடுவதிலும் பயனில்லை.

மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தடங்கல் அதிகம். கரையோரக் கலங்கலில் பச்சையத்தின் அளவும் பிசகும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் தொழில் செய்பவர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் பலன் குறைவு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அறிவிப்பே வராது. விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, நாட்டுப்படகு கடலுக்குப் போகக்கூடிய மாதங்கள் அவை. இதை அவசியம் திருத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. எந்தத் தலைக்கட்டு (குடும்பம்) எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் சுற்றிவரும். குமரிக் கடலில் கரை அடையாளங்களை நேர்ப்படுத்திப் பாரைக் கண்டுபிடிக்கும் கணியத்தைக் கண்டவரிடமெல்லாம் சொல்லமாட்டார்கள். பார் அழியாமல் இருந்ததில் அந்த மௌனத்துக்கும் பங்குண்டு. அறிவிப்பு இந்த முறைகள் எதையும் அறியாது. புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். வேகமான எஞ்சின் வைத்திருப்பவர் முதலில் சேர்கிறார், பின்னால் வரும் நாட்டுப்படகின் வலை அறுபடுகிறது. தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் பகுதி பாரம்பரிய மீனவருக்கானது. புள்ளி அதற்குள் விழுந்தால் அதைச் சுட்டும் ஒரு வரியாவது அறிவிப்பில் இருக்கலாம். அதுவரை ஊர்ப் பஞ்சாயத்து செய்யக்கூடியது ஒன்றுண்டு. அறிவிப்பைக் கரையில் பலகையில் எழுதிப்போட்டு, அந்தப் புள்ளியில் எந்த வலை, எத்தனை படகு, யார் முறை என்று முதல்நாள் மாலையே பேசிவைக்கலாம். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை ஊர்க்கட்டுப்பாட்டால் தடுத்துவைத்திருக்கும் ஊர்களுக்கு இது புதிய வேலை அல்ல.

அதே நிறுவனம் தரும் அலை முன்னறிவிப்பைத் தயங்காமல் பாராட்டலாம். காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வந்து கரையில் ஏறும் கள்ளக்கடலைக் கண்ணால் பார்த்துக் கணிப்பது கடினம். அலை உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைக்கு அலை எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அந்த இடைவெளி நீண்டிருந்தால் படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். கைபேசி அலைவரிசை எட்டாத ஆழ்கடலுக்கு 2019இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கி, புளூடூத் மூலம் போனுக்குக் கொடுக்கும். செய்தி உள்ளே வரும், படகிலிருந்து வெளியே போகாது. ஆபத்தில் உதவி கேட்க வயர்லெஸ் செட்டும் படகில் இருந்தாக வேண்டும்.