ஃபைன்மனின் நினைவுகள்: திரும்பத் திரும்பப் படித்தால் எது நிற்கும், எது நெருடும்

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் நினைவுக் கதைகளான 'ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபைன்மன்!' 1985இல் வந்தது. முதல் வாசிப்பில் சிரித்துக்கொண்டே முடித்துவிடலாம். மூன்றாவது, நான்காவது வாசிப்பில்தான் கோளாறு பிடிபடும். இது அவர் உட்கார்ந்து எழுதிய புத்தகமல்ல. ஏழு ஆண்டுகள் ரால்ஃப் லெய்ட்டனோடு சேர்ந்து டிரம் வாசித்த நேரங்களில் சொன்ன கதைகள். கேட்டவர் நண்பர், ரசிகர். குறுக்கே கேள்வி கேட்க ஆளில்லை. புத்தகத்தின் ருசிக்கும் வில்லங்கத்துக்கும் காரணம் இதுதான்.

தேயாத பகுதி, அணுகுண்டு தயாரித்த அமெரிக்க ஆய்வுக்கூடமான லாஸ் அலமாஸில் அவர் திறந்த பெட்டகப் பூட்டுகள். சக்கரத்தில் 100 எண்கள், மூன்று எண் சேர்ந்தால் திறக்கும். கணக்குப்படி 10 லட்சம் வாய்ப்பு. ஆனால் இரண்டு எண் முன்பின் தள்ளி வைத்தாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் ஐந்தைந்தாகத் தாண்டி ஓர் இடத்துக்கு 20 எண் முயன்றால் போதும், மொத்தம் 8,000. பூட்டு திறந்து கிடக்கும்போது பேச்சுக் கொடுத்தபடியே சக்கரத்தைத் திருகி, கடைசி இரண்டு எண்ணையும் எடுத்துவிடுவார். மிச்சம் 20 முயற்சிதான். சக இயற்பியலாளர் ஒருவர் வைத்த எண் 27-18-28. கணக்குப் படித்தவர்களுக்கு e என்ற மாறிலியின் மதிப்பான 2.71828 உடனே பொறிதட்டும்.

பிரேசில் அத்தியாயமும் அப்படியே. அங்கே அவர் பாடம் நடத்திய, மனப்பாடத்தில் புலிகளான மாணவர்களுக்கு, ஜன்னலுக்கு வெளியே கடல்நீரில் மின்னுவதும் பாடத்தில் படித்த அதே ஒளிதான் என்று தோன்றவில்லை. நம்மூர் பிளஸ் டூவைக் கடந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம்.

பலர் புத்தகத்தை மூடிவைப்பது அல்புகெர்க்கி மதுவிடுதி அத்தியாயத்தில். பெண்களை மட்டமாக நடத்தினால்தான் காரியம் நடக்கும் என்று ஒருவர் சொல்லித்தர, பூட்டைக் குடைந்த அதே உற்சாகத்தோடு இவர் சோதித்துப் பார்க்கிறார். 'பிறகு விட்டுவிட்டாரே' என்பார்கள் அபிமானிகள். விட்டார், சரி. தனக்குப் பிடிக்கவில்லை என்பதே அவர் சொல்லும் காரணம். எதிரில் இருந்தவளுக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியே எழவில்லை.

பழைய பிரதி வாங்குவோர் 'செவன் பர்சன்ட் சொல்யூஷன்' அத்தியாயத்தைப் பாருங்கள். 1957இல் இயற்கையின் ஒரு விதி தனக்கு மட்டுமே தெரிந்திருந்ததாகப் பூரிக்கிறார். அதே கோட்பாட்டை இயற்பியலாளர்கள் மரே கெல்மனும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த சுதர்சனும், அவருடைய ஆசிரியர் மார்ஷாக்கும் கண்டிருந்தார்கள். இதை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் பின்னர்தான் சேர்ந்தது. உங்கள் பிரதியில் அது இருக்கிறதா?

1945இல் மனைவி ஆர்லீன் இறந்ததைச் சொல்லும் இடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். லாஸ் அலமாஸுக்குத் திரும்பி வந்தவர், அவள் இறந்துவிட்டாள் என்று சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டு, வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிறார். கல்நெஞ்சன் என்று சிலர் அங்கேயே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளிப் படித்தால், ஒரு மாதம் கழித்துக் கடைக் கண்ணாடியில் தொங்கும் ஒரு பெண்கள் உடையைப் பார்த்து அவளுக்குப் பிடிக்குமே என்று நினைக்கிறார், உடைந்து அழுகிறார்.