டிஸ்னி வேர்ல்டு ஆண்டு பாஸ்: வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்று போதும்

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்க, கோவையில் விமானம் ஏறிச் சிங்கப்பூரோ அபுதாபியோ சுற்றி அங்கே போய் ஐந்தாறு மாதம் தங்கிவரும் பெற்றோர் இப்போது ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி எங்கும் உண்டு. பேரன் பேத்தி இருக்கும் வீடென்றால் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு பயணமும் அதில் சேர்ந்துவிடும். "எல்லாருக்கும் வருஷ பாஸ் போட்டரலாங்ப்பா, எத்தனை தடவை வேணாலும் போலாம்" என்று மகன் சொல்வான். அந்த இடத்தில்தான் நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். பாஸ் நல்ல சரக்குதான். ஆனால் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் எடுத்தால் காசு மிஞ்சாது, கரையும்.

ஃப்ளோரிடாவில் குடியிருக்காதவர்கள் வாங்கக்கூடியது இன்க்ரெடி பாஸ். 2025 அக்டோபர் விலையேற்றத்துக்குப் பின் 1,629 டாலர். அதன் மேல் 6.5 சதவீத வரி, ஆக 1,735 டாலரை ஒட்டி வரும். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய நான்கு பூங்காவுக்கும் செல்லும். ஒரே நாளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று விலக்கப்பட்ட நாளே கிடையாது. இது மட்டும்தான் அப்படி.

வயது விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் செல்லாது. இங்கே பல பூங்காக்களில் வாசலில் குழந்தையை நிறுத்தி உயரம் அளந்து டிக்கெட் போடுவார்கள். அங்கே நுழைவுக்கு வயதுதான் கணக்கு. மூன்று முடியாத குழந்தைக்கு இலவசம். 3 முதல் 9 வயது வரை சாதா டிக்கெட்டில் சில டாலர் குறையும். ஆண்டு பாஸில் அந்தச் சலுகையும் இல்லை. நாலு வயதுப் பேத்திக்கும் தாத்தாவுக்கும் ஒரே விலை.

இப்போது கணக்கு. ஒரு நாள் டிக்கெட் தேதியையும் பூங்காவையும் பொறுத்து 119 டாலரில் தொடங்கி, கிறிஸ்துமஸ் சமயத்தில் மேஜிக் கிங்டத்துக்கு 200 டாலரைத் தாண்டும். சராசரி 150 என்று வையுங்கள். பாஸ் விலை தேற 11 நாள் உள்ளே போக வேண்டும். நான்கைந்து நாள் சேர்த்து எடுக்கும் டிக்கெட்டில் நாள் விலை இன்னும் இறங்கும். அது 120 ஆகிவிட்டால் 14 நாள் போனால்தான் பாஸ் தேறும். வருஷத்தில் ஒரு தடவை நாலு நாள் போகிற குடும்பம் பாஸ் எடுப்பது வீண் செலவு, இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

இரண்டு தடவை, தடவைக்கு நாலு நாள் போனால்? எட்டு நாள், 1,200 டாலர். இன்னமும் பாஸ்தான் விலை அதிகம். வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் கணக்கு மாறும். பூங்கா பார்க்கிங் நாளுக்கு 30 டாலரை ஒட்டி. எட்டு நாளைக்கு 240. பாஸ்காரர் ஓட்டிவரும் வண்டிக்கு அது இல்லை. பூங்கா விட்டுப் பூங்கா தாவும் வசதியைச் சாதா டிக்கெட்டில் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். தடவைக்கு 80 டாலர் வைத்தாலும் 160. ஆக 1,600 ஆயிற்று. உட்கார்ந்து சாப்பிடும் பல உணவகங்களில் பாஸுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, பல கடைகளில் 20 சதவீதம் வரை. வருஷம் முழுக்க 800 டாலருக்குச் சாப்பிட்டால் 80 மிச்சம். வரியை இரண்டு பக்கமும் விட்டுவிட்டுப் பார்த்தால் 1,680-க்கு எதிரே 1,629. அந்த ஒருத்தருக்குத் தேறிவிட்டது. வீட்டில் ஐந்து பேர் என்றால் மற்ற நாலு பேருக்கும் நாள் கணக்கு டிக்கெட்டே லாபம்.

இந்தக் கணக்கு உடையும் இடங்களும் உண்டு. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்கினால் பூங்கா பார்க்கிங் ஏற்கெனவே இலவசம்; பாஸால் கூடுதல் பயன் இல்லை. விமானத்தில் வந்து வாடகை டாக்சியில் போய் வருகிறவர்களுக்கும் அதே கதை. டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்து ஊரான கிஸிம்மியில் வீடு வாடகைக்கு எடுத்துச் சொந்த வண்டியில் வருகிறவர்களுக்குத்தான் இது முழுசாகப் பலிக்கும். தள்ளுபடியும் தானாக வராது. பில் போடும் முன்பே பாஸையும் போட்டோ உள்ள அடையாள அட்டையையும் காட்டிக் கேட்க வேண்டும்.

365 நாளை எப்போது தொடங்குவது என்பதில்தான் நம் பக்கத்துப் பெற்றோருக்குப் பெரிய வசதி இருக்கிறது. பாஸை வாங்கிய தேதி முக்கியமில்லை. முதலில் செயல்படுத்திய தேதியிலிருந்துதான் வருஷம் ஓடும். ஏப்ரல், மே வாக்கில் போய்ச் செப்டம்பர், அக்டோபரில் திரும்புவதுதான் பெரும்பாலோர் வழக்கம், சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரைதானே இருக்க விடுவார்கள். போன உடனே மே மாதத்தில் டிஸ்னிக்குக் கிளம்பினால், அடுத்த வருஷம் மே மாதம் போய் இறங்கும்போது பாஸ் காலாவதியாகியிருக்கும். முதல் வருஷம் பயணத்தின் கடைசியில், ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ போங்கள். அடுத்த வருஷம் போன உடனே மே, ஜூனில் இரண்டாவது தடவை. ஒரே பாஸில் இரண்டு வருஷத்துப் பயணமும் அடங்கிவிடும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் செப்டம்பரில் கூட்டமும் குறைவு, சாதா டிக்கெட் விலையும் இறங்கியிருக்கும். பள்ளிக்குப் போகும் பேரன் இருந்தால் லீவு கிடைக்குமா என்பதை மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஜூன் முதல் நவம்பர் முடிய அங்கே புயல் காலம். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வாடிக்கை. மின்னல் தென்பட்டாலே வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்காகப் பணம் திரும்பி வராது. காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்ப் பெரிய சவாரிகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் வீடு திரும்பி, சாயங்காலம் மறுபடி வருவதுதான் வயசானவர்களுக்குத் தோதான முறை. மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் இது கஷ்டம். வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே ஏரி. மோனோ ரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கே போக முடியும்.

பாஸ் எடுப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லையா? முதலில் சாதா டிக்கெட்டிலேயே போங்கள். டிக்கெட் காலாவதியாகும் முன், கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுன்டரில் வித்தியாசத் தொகையை மட்டும் கட்டி அதைப் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் கொடுத்த காசு கழியாது. நாலு நாள் டிக்கெட்டுக்குக் கெடு, குறித்த தேதியிலிருந்து ஏழு நாள்தான். பாஸ் விற்பனையே சில சமயம் நிற்கும். 2021 நவம்பரில் நிறுத்தப்பட்ட இன்க்ரெடி பாஸ் 2023 ஏப்ரலில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. ஆகவே கிளம்பும் முன் விற்பனை நடக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸாப் குழுக்களில் "பாதி மிச்சம் இருக்கிற டிக்கெட்" என்று வருவதைத் தொடவே வேண்டாம். பாஸும் டிக்கெட்டும் ஒருவர் பெயரில் பதிவானால் அவருக்கு மட்டும்தான். வாசலில் விரல் வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

அந்த விரல் ரேகையில் ஒரு சங்கடம் உண்டு. தோட்டம் துரவு, தறி என்று உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி இரண்டு மூன்று தடவை நிராகரிக்கும். ரேஷன் கடையில் பட்ட அனுபவம்தான் இங்கேயும். வரிசையில் நின்றவாறே பதற வேண்டாம், போட்டோ உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில் வைத்திருங்கள்.

பாஸ் இருந்தால் நினைத்தபோது போகலாம் என்பதும் முக்கால்வாசிதான் உண்மை. முன்பதிவு வேண்டாத நாள்கள் காலண்டரில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மற்ற நாள்களில் முன்பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது மதியம் இரண்டு மணிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சலுகையும் சனி, ஞாயிறுகளில் மேஜிக் கிங்டத்துக்கு இல்லை. தேதி குறித்து எடுத்த சாதா டிக்கெட்டுக்கு இந்த முன்பதிவுத் தொல்லை கிடையாது. ஒரே குடும்பத்தில் மற்றவர்கள் டிக்கெட்டில் உள்ளே போக, பாஸ் வைத்திருக்கும் மகன் மட்டும் வாசலில் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. இன்க்ரெடி பாஸில் ஒரே சமயத்தில் ஐந்து நாள் வரை பதிந்து வைக்கலாம், பயணம் உறுதியானதும் பதிந்துவிடுங்கள்.

வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேன் பாஸில் சேராது, அதற்குத் தனிக் காசு. டைஃபூன் லகூன், பிளிசர்ட் பீச் என்ற நீர்ப் பூங்காக்களுக்கும் அப்படியே. 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற பூங்கா வேறு நிறுவனத்துடையது. டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பக்கத்தில் இருப்பதெல்லாம் டிஸ்னி என்று நினைத்துக்கொண்டு அங்கே இந்தப் பாஸை நீட்டக் கூடாது.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கப் பாஸின் பத்து சதவீதத்தைவிடத் தூக்குப்பை பெரிய வழி. நம் பக்கத்துப் பூங்காக்கள் பலவற்றில் வெளிச்சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். டிஸ்னி வேர்ல்டில் தாராளமாக விடுகிறார்கள். புளிசாதம், எலுமிச்சை சந்தகை, கச்சாயம், முறுக்கு எல்லாம் போகும். கண்ணாடி பாட்டில் மட்டும் ஆகாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் உதிரி ஐஸ் கட்டி போட்டால் பரிசோதனையில் கொட்டச் சொல்வார்கள். உறைய வைக்கும் ஜெல் பை வையுங்கள். கூலர் பை 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் கவுன்டர்களில் ஐஸ் வாட்டர் என்று கேட்டால் டம்ளரில் சும்மா தருவார்கள்.

காசு கட்டும்போது இந்திய கார்டு பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. மகனுடைய அமெரிக்க கார்டில் போட்டுவிட்டு வீட்டுக்குள் பேசிக்கொள்வது மேல்.

பிள்ளைகள் ஃப்ளோரிடாவிலேயே குடியிருந்தால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் மாறும். அந்த மாநில ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கு 489 டாலரில் பிக்ஸி டஸ்ட் பாஸ் கிடைக்கும்; வார நாள்களுக்கு மட்டும், விடுமுறைக் காலங்கள் விலக்கு. நாலு நாள் போனாலே முதல் தேறிவிடும், முன்பணம் போக மீதியை வட்டியில்லாமல் மாதத் தவணையிலும் கட்டலாம். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் அந்த விலை கிடையாது. அவர்களுக்கு எப்போதும் போல நாள் டிக்கெட்தான்.