காமரஸா, அசெல்லஸா? ஆற்றைப் பற்றி எது சரியாகச் சொல்கிறது

தெற்கு இங்கிலாந்தில், சுண்ணாம்பு நிலத்தில் ஊறி வரும் சிற்றாறு ஒன்றில் மாதம் ஒருமுறை ரப்பர் பூட்ஸோடு இறங்குகிறேன். மூன்று நிமிடம் காலால் கூழாங்கற்களைக் கிளற வேண்டும். கலங்கி வருவதெல்லாம் நீரோட்டத்தோடு போய் வலையில் விழும். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்ததும் முதலில் கண்ணில் படுகிறவை இரண்டு: ஒருக்களித்துப் படுத்தபடியே விறுவிறுவென்று நீந்தும் காமரஸ், தட்டின் அடியில் அவசரமே இல்லாமல் ஊர்ந்து போகும் அசெல்லஸ். இரண்டுமே இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், ஓடுள்ள உயிர்கள். ஒரே கல்லின் அடியில் இரண்டும் கிடைக்கும். ஆனால் ஆற்றில் கழிவு கலந்துவிட்டால் இவற்றின் கதை இரண்டாகப் பிரிகிறது.

முதலில் அறிமுகம். ஆங்கிலேயர்கள் காமரஸை நன்னீர் இறால் என்றே சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையான இறால் வகை இல்லை. உடல் இரு பக்கமும் அமுக்கிவிட்டது போலத் தட்டையாக, வளைந்து இருக்கும். ஆண் இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். இங்கே அதிகம் காணப்படுவது காமரஸ் புலெக்ஸ் என்ற இனம். அசெல்லஸ் மேலிருந்து கீழாகத் தட்டையானது. பூந்தொட்டியை நகர்த்தினால் ஈர மண்ணில் சிதறி ஓடும் சாம்பல் நிறப் பல கால் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள், அதன் தண்ணீர்ச் சொந்தக்காரர் இது. லத்தீனில் அசெல்லஸ் என்றால் குட்டிக் கழுதை. இங்கே பரவலாக இருப்பது அசெல்லஸ் அக்வாட்டிகஸ்.

இரண்டுக்கும் உணவு ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீரில் விழுந்து ஊறிய இலை. சாப்பிடும் விதம்தான் வேறு. காமரஸ் இலையையே கடித்து அரைக்கும். அசெல்லஸ் இலையின் மேல் படர்ந்த பூஞ்சையைச் சுரண்டித் தின்னும். காமரஸுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது வேட்டையாடும். சின்னப் புழு, அடிபட்ட உயிர், தன் இனத்தின் குஞ்சு எதையும் விடாது. அசெல்லஸையும் பிடித்துத் தின்னும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கழிவுநீருக்கு வருவோம். வீட்டுக் கழிவு ஆற்றில் கலந்ததும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அந்த வேலைக்கு அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கூடவே அம்மோனியாவும் ஏறுகிறது. எந்நேரமும் துடிப்பாக இருக்கும் காமரஸுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதன் செவுள்கள் கால்களின் அடிப்பகுதியில் இருக்கின்றன, ஓடும் குளிர்ந்த நீர்தான் அதற்குச் சரிப்படும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் உண்பது குறையும், அப்புறம்தான் சாவு. இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள்: சிறு கூண்டுகளில் காமரஸையும் ஆல்டர் மரத்து இலைத் துண்டுகளையும் போட்டு ஆற்றில் சில நாள் வைத்துவிட்டு, எவ்வளவு இலை தின்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிராணி உயிரோடு இருந்தாலும் இலை அப்படியே இருந்தால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செத்த பிறகு எண்ணுவதைவிட, சாப்பாடு இறங்காத நிலையிலேயே கண்டுபிடிப்பது எவ்வளவு மேல்!

அசெல்லஸின் போக்கு வேறு. மெதுவான உடல், ஆக்சிஜன் தேவையும் குறைவு. செவுள் வேலையை வால் பக்கத்து அடிக்கால்கள் செய்கின்றன. அழுகிய இலையும் சேறும் பூஞ்சையும் பெருகினால் அதற்குக் கொண்டாட்டம். கழிவுநீர்க் குழாயிலிருந்து கீழ்நோக்கி நடந்தால் இந்த வரிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய்க்குப் பக்கத்தில், மிக மோசமான இடத்தில், சிவப்புச் சேற்றுப் புழுக்கள் மட்டும். கொஞ்ச தூரம் போனால் சிவப்பு நிறக் கொசுப்புழு போன்றவை. அதற்கும் கீழே, ஆறு மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில், அசெல்லஸ் குவிந்து கிடக்கும். நீர் நன்றாகத் தெளிந்த பிறகுதான் காமரஸ் மறுபடி தலைகாட்டும்.

பிரிட்டனில் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த பி.எம்.டபிள்யூ.பி. என்ற, ஆற்று நீரின் தரத்தை அளக்கும் மதிப்பெண் முறையில், நீரடிச் சிற்றுயிர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுத்தார்கள். தூய நீரில் மட்டும் வாழும் கல்லீக்களின் குடும்பங்களுக்கு 10, சேற்றுப் புழுக்களுக்கு 1. காமரஸ் குடும்பத்துக்கு 6, அசெல்லஸ் குடும்பத்துக்கு 3. அதாவது காமரஸ் ஒன்றும் மிக நுட்பமான உயிர் இல்லை, நடுத்தரம். அது இருப்பதாலேயே ஆறு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேற்றுவரை இருந்த இடத்தில் இன்று அது இல்லை என்றால் அது பெரிய செய்தி.

தனித்தனியாகப் பார்ப்பதைவிட இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்ற யோசனையும் பழையதுதான். ஒரே இடத்தில் பிடித்த காமரஸ் எத்தனை, அசெல்லஸ் எத்தனை என்று எண்ணி விகிதம் பார்ப்பார்கள். விகிதம் அசெல்லஸ் பக்கம் சாய்ந்தால் கழிவு கூடுகிறது என்று பொருள். எளிய முறை, நுண்ணோக்கியும் வேண்டாம். ஆனாலும் இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, இடம். குளம், கால்வாய், நாணல் அடர்ந்த தேங்கிய ஓரம் ஆகியவை அசெல்லஸின் சொந்த வீடு. அங்கே அது நிறைய இருப்பதற்கும் மாசுக்கும் சம்பந்தமில்லை. சலசலவென்று ஓடும் கல் படுகையில், எப்போதும் ஒரே இடத்தில் எடுத்தால்தான் விகிதத்துக்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்று, மேலே சொன்ன வேட்டை. சுத்தமான ஓட்டத்தில் அசெல்லஸ் குறைவாக இருப்பது அதற்குச் சுத்தமான நீர் பிடிக்காததால் இல்லை. காமரஸ் அதைத் தின்று விரட்டுவதும் ஒரு காரணம். காமரஸ் இல்லாத நல்ல ஓடைகளில் அசெல்லஸ் சுகமாகவே வாழும். ஆகவே அசெல்லஸ் பெருகியதற்குக் கழிவு தந்த உணவு மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எதிரி போனதும் காரணமாக இருக்கலாம். அசெல்லஸை 'மாசு விரும்பி' என்று முத்திரை குத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது மாசைத் தாங்குகிறது, அவ்வளவுதான்.

அமிலத்தன்மையிலும் காமரஸ்தான் பலவீனம். பி.எச். 6க்குக் கீழே இறங்கும் ஓடைகளில் அதன் உடலிலிருந்து சோடியம் கசிந்து வெளியேறுகிறது. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் அது மண்டிக் கிடப்பதும், மலைப்பாங்கான மென்னீர் ஓடைகளில் காணாமல் போவதும் இதனால்தான். மலை ஓடையில் காமரஸ் இல்லையே என்று யாராவது பதறினால் முதலில் பி.எச். பாருங்கள்.

சரி, இதுவரை இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வேறுபாடு. என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒரே இனத்துக்குள், ஓரிடத்துக் கூட்டத்துக்கும் இன்னோரிடத்துக் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. கார்ன்வாலில் பழைய சுரங்கப் பகுதிகளில் ஓடும் ஹேல், கேனல் ஆறுகளில் வாழ்ந்த அசெல்லஸ் மெரிடியானஸ் என்ற இன்னோர் அசெல்லஸ் இனத்தை 1970களில் சோதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக உலோகம் கலந்த நீரிலேயே இருந்த அந்தக் கூட்டங்கள், சுத்தமான ஆற்றுச் சொந்தங்களைவிட அதிகமாகச் செம்பையும் ஈயத்தையும் தாங்கின. இனத்தின் பெயர் ஒன்று, தாங்கும் அளவு வேறு.

அசெல்லஸ் அக்வாட்டிகஸ் இப்படி மாறுவதில் கெட்டிக்காரர். ஸ்வீடனின் டோக்கர்ன் ஏரியில் நாணலுக்குள் வாழ்பவை கருத்திருக்கும், நீருக்கடியில் வெளிர் நிறப் பாசிச்செடிப் படுகைக்குக் குடிபெயர்ந்தவை சில பத்துத் தலைமுறைக்குள் வெளுத்துவிட்டன. ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையாற்றிலோ கண்ணே இல்லாத, நிறமே இல்லாத அசெல்லஸ் வாழ்கின்றன. காமரஸ் பக்கம் வேறு மாதிரிக் குழப்பம். ஐரோப்பாவின் காமரஸ் பொசாரம் என்ற ஒரே பெயரின் கீழ், பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் பல மறைவான இனங்கள் இருப்பது மரபணுச் சோதனையில் தெரியவந்தது. ஒரே பூச்சிக்கொல்லிக்கு அவை ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. ஆய்வகத்தில் ஓரிடத்துப் பிராணியை வைத்து 'இவ்வளவுவரை பாதுகாப்பு' என்று எண் போடுவதை நான் முழுதாக நம்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் பூச்சிக்கொல்லி. இங்கே விகித முறை அப்படியே கைவிட்டுவிடும். 2013 ஜூலையில் தெற்கு இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மார்ல்பரோ ஊருக்குக் கீழே, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாகக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் காமரஸும் பூச்சிகளும் அழிந்தன. மீன்கள் உயிரோடுதான் இருந்தன, தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. வழக்கமான மாதாந்தரச் சோதனைக்கு வலை போட்ட தன்னார்வலர்கள்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டார்கள். கரையிலிருந்து பார்த்த யாருக்கும் தெரிந்திருக்காது. ஆக்சிஜன் அளந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அந்த மருந்து நரம்பைத் தாக்குவது, ஓடுள்ள கணுக்காலிகளுக்கு அது துளியே போதும். கழிவைத் தாங்குகிறது என்பதற்காக அசெல்லஸ் இதையும் தாங்கும் என்று நினைப்பது தவறு.

அழிந்த பிறகு மீள்வதிலும் இந்த இரண்டும் பூச்சிகளைவிடப் பின்தங்கியவை. மேஃபிளை போன்றவற்றுக்கு இறக்கை உண்டு, பக்கத்து ஆற்றிலிருந்து பறந்து வந்து முட்டையிடும். காமரஸுக்கும் அசெல்லஸுக்கும் அந்த வழி இல்லை. பெண் முட்டைகளை மார்புக்கு அடியில் ஒரு பையில் சுமந்து குஞ்சாகத்தான் வெளியே விடும். மேல்பகுதியில் தப்பிய கூட்டம் நீரோடு மிதந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கிளை ஓடையிலிருந்து ஊர்ந்து வர வேண்டும். மேல்பகுதியும் கெட்டிருந்தால் யார் வருவது?

புதிதாக வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட அமெரிக்காவிலிருந்து வந்த கிராங்கோனிக்ஸ் பார்க்கச் சின்னக் காமரஸ் போலவே இருக்கும், ஆனால் மோசமான நீரையும் தாங்கும். ஒருக்களித்து நீந்தாமல் நிமிர்ந்து நடப்பதை வைத்துப் பிரித்தறியலாம். இதைக் காமரஸ் என்று எண்ணிவிட்டால் கணக்கே தப்பு. கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து வந்த டைக்கரோகாமரஸ் வில்லோசஸ் 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் முதல்முறையாக பிரிட்டனில் பிடிபட்டது. அது காமரஸையும் அசெல்லஸையும் சேர்த்தே தின்னும்.

ஒன்றைத்தான் எண்ண நேரம் இருக்கிறது என்றால் காமரஸை எண்ணுங்கள் என்பேன். கழிவு, அமிலம், பூச்சிக்கொல்லி மூன்றுக்கும் அது பதில் சொல்லும், வலையில் பிடிப்பதும் சுலபம். ஆனால் எதனால் கெட்டது என்று அது மட்டும் சொல்லாது. காமரஸ் குறைந்து அசெல்லஸ் கூடினால் கழிவுக் குழாயைத் தேடலாம். இரண்டும் ஒன்றாகக் காணாமல் போனால் விஷத்தைத் தேடலாம். இங்கே தன்னார்வலர்களின் படிவத்தில் எண்ண வேண்டிய எட்டுக் குழுக்களில் காமரஸ் உண்டு, அசெல்லஸுக்குக் கட்டம் இல்லை. நான் ஒவ்வொரு மாதமும் அதன் எண்ணிக்கையைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.