பம்ப்பும் போகல, ஈசிஎம்மும் போகல: பழைய காரோடு பதினாலு வருஷம்

2011-ல் செகண்ட்ஹேண்டில் வாங்கிய 2003 மாடல் பெட்ரோல் கார் இன்னும் என்னிடம்தான் ஓடுகிறது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் வயரிங்தான்.

முதல் தடவை 2016 கத்திரி வெயில். மதுரை காளவாசல் சிக்னலில் வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. ஒர்க்‌ஷாப்பில் "பம்ப் வீக் ஆயிருச்சு சார்" என்று சொல்லி, டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பை மாற்றினார்கள். 5,200 ரூபாய். பத்தே நாளில் மறுபடி நின்றது. அடுத்து, "ஈசிஎம் அடி வாங்கிருச்சு, பழசு ஒண்ணு 16,000-க்குக் கிடைக்கும்" என்றார்கள். ஈசிஎம் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். அதை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் வேறு வண்டியின் ஈசிஎம்மை மாட்டினால் சாவியை அது ஏற்காது. அதைச் சரிக்கட்டத் தனிச் செலவு.

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டுச் சாவியை ஆன் பண்ணச் சொன்னார். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'ங்ங்ங்' என்று பம்ப் சத்தம் கேட்டு நிற்க வேண்டும். செல்ஃப் அடித்து, இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சாரிடமிருந்து சிக்னல் வந்த பிறகுதான் ஈசிஎம், பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேயை மறுபடி போடும். ஆகவே சாவி போட்டதும் சத்தம் வந்து, செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கம் போகும். என் வண்டி சூடாக நின்றிருந்த நேரத்தில் முதல் சத்தமே வரவில்லை.

"சத்தம் இல்லன்னா உடனே பம்ப்பக் கழட்டக் கூடாது தம்பி, கரண்ட் வருதான்னு பாக்கணும்" என்றார். பம்ப் கப்ளரில் (வயர் சொருகும் இணைப்பில்) என் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியது. அவரோ ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பத்தவைத்து வைத்திருந்தார். அதை அதே இடத்தில் கொடுத்தால், பல்பின் இழை சிவப்பாக மங்கி நின்றது. லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் பொருள், இல்லாதபோது மீட்டர் காட்டுகிற 12 வோல்ட்டை நம்பக் கூடாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றைப் பம்ப் எர்த்திலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வைத்தார், பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது, கோளாறு பாசிட்டிவ் வருகிற வழியில்.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த ரிலேயைப் பிடுங்கி மூடியை நெம்பித் திறந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தடிமனான ஒரு பின்னைச் சுற்றி ஈயப்பற்றில் முடி மாதிரிக் கறுப்பு வளையம். வருஷக்கணக்கில் சூடேறி ஆறி விட்ட விரிசல் அது. குளிர்ந்தால் ஒட்டும், வெந்தால் விலகும். அந்த இடத்தை மட்டும் புதிதாக ஈயம் வைத்துப் பத்தவைத்தார். கூலி 150 ரூபாய். அன்றோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

2021 மழைக்காலத்தில் வேறு மாதிரி. சாவி போட்டாலும் செக் இன்ஜின் விளக்கே வரவில்லை, கோளாறு படிக்கும் ஸ்கேனரும் ஈசிஎம்மோடு பேசவில்லை. இங்கேதான் பலர் ஈசிஎம்மைச் செத்ததாக எழுதிவிடுகிறார்கள். ஈசிஎம்முக்கு வரும் கரண்ட், எர்த், ஃபியூஸ் எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கழற்ற அதன் வயரை இழுத்ததும் விளக்கு எரிந்தது! சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வயர் ஒரு பிராக்கெட்டில் உரசி, தோல் கிழிந்து எர்த் ஆகியிருக்கிறது. அந்த ஒரு வயர் ஈசிஎம்மையே மயக்கத்தில் போட்டிருந்தது.

உண்மையாகவே பம்ப் போனது ஒரே ஒரு தடவை, 2023-ல். அதில் என் தப்பும் உண்டு. டேங்க்கிலுள்ள பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது. நானோ மாதக்கணக்கில் ரிசர்விலேயே ஓட்டியிருந்தேன்.

போன வாரம் பின் சீட்டைத் தூக்கிக் கப்ளரைப் பார்த்தேன். எர்த் பின்னில் பச்சை பூத்திருந்தது. பம்ப் ஓடும்போது அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.6 வோல்ட் இழப்பு. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியபின் 0.1.