படம் எடுப்பதற்கு முன் கேட்ட கேள்விகள்: ஒரு கால்நடை ஸ்கேன் பிரிவின் மதிப்புரை

எங்கள் வீட்டில் ஆறு வயது டால்மேஷன் ஆண் நாய் ஒன்றும் இரண்டு வயதுப் பூனை ஒன்றும் இருக்கின்றன. கடந்த ஓராண்டில் இவற்றைத் தூக்கிக்கொண்டு ஒரே விலங்கு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவுக்கு மூன்று முறை போக நேர்ந்தது. எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஆகிய மூன்று வசதிகளும் அங்கே உண்டு. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் முறை போனது நாய்க்காக. சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தது. காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றுவிட்டுச் சொட்டுச் சொட்டாகத்தான் கழித்தது. அதற்கு முன் காட்டிய ஒரு சிறிய கிளினிக்கில் பக்கவாட்டில் ஒரே ஒரு எக்ஸ்-ரே எடுத்து, கல் எதுவும் இல்லை என்று சொல்லி, ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் மாத்திரை கொடுத்தும் இரத்தம் நிற்கவில்லை.

ஸ்கேன் பிரிவில் நேரம் வாங்கத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர்கள் முதலில் கேட்டது நாயின் இனம். பிறகு வயது, கருத்தடை அறுவை செய்யப்பட்டதா, என்ன மருந்து ஓடுகிறது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, முதல் நாள் இரவுக்குப் பின் உணவு கொடுக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம், ஆனால் மருத்துவமனை வாசலில் இறங்கியதும் மரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க விட்டுவிடாதீர்கள் என்றார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதன் சுவர் விரிந்து உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியுமாம். மனிதர்களுக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது சொல்வதும் இதுதான் என்றாலும், கம்பத்தைக் கண்டால் நிற்கும் ஆண் நாயை அப்படிக் கட்டுப்படுத்தி உள்ளே கொண்டுபோவது எளிதான காரியமில்லை.

இனத்தை ஏன் முதலில் கேட்டார்கள் என்பது உள்ளே போன பிறகு புரிந்தது. பெரும்பாலான நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷன்களில் யூரிக் அமிலத்தைக் கடத்தும் புரதம் ஒன்றில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இருப்பதால் அந்த மாற்றம் சரிவர நடவாமல், அமிலம் மிகுதியாகச் சிறுநீரிலேயே வெளியேறி, சிலவற்றில், குறிப்பாக ஆண் நாய்களில், யூரேட் கல்லாகத் திரளுகிறது. கால்சியம் ஆக்சலேட் கல்லும் ஸ்ட்ரூவைட் கல்லும் எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் துலங்கும். யூரேட் கல்லோ கதிர்களைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடுவதால் படத்தில் தெரியாமலே போகலாம். முதல் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்-ரே பொய் சொல்லவில்லை, ஆனால் டால்மேஷன் நாயின் சிறுநீர்ப்பையைப் பற்றி அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

அல்ட்ராசவுண்ட் அறையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நடுவில் பள்ளம் விட்ட பஞ்சு மெத்தையில் நாயை மல்லாத்திப் படுக்கவைத்து, அடிவயிற்று மயிரை மழித்தார்கள். மழித்த இடத்தில் தோலிலும் கரும்புள்ளிகள் இருந்ததை அன்றுதான் கண்டேன். ஜெல்லை வெதுவெதுப்பாக்கித் தடவினார்கள். மயிருக்கிடையே காற்று தங்கினால் ஒலியலை உள்ளே போகாது என்பதால்தான் மழிப்பதும் ஜெல் தடவுவதும். இதை விளக்காமல் மழித்துவிட்டு உரிமையாளரின் வசவை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. திரையில் கருப்பாகத் தெரிந்த சிறுநீர்ப்பையின் அடியில் பளிச்சென்று சில வளைகோடுகளும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வால்போல நீண்ட நிழலும் தெரிந்தன. மருத்துவர் அத்துடன் நிற்காமல் நாயைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார். கோடுகள் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுவரோடு ஒட்டிய கட்டியாக இருந்தால் இப்படி இடம்பெயராது என்று திரையைக் காட்டி விளக்கினார்.

சிறுநீர்ப்பையில் கல்லைக் கண்டதோடு வேலை முடிந்ததாக அவர் எண்ணவில்லை. ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. அங்கே பாதை விரிய முடியாததால், கீழிறங்கும் கல் பெரும்பாலும் அந்த எலும்புக்குப் பின்னால்தான் சிக்கும். எனவே லேசான மயக்க மருந்து கொடுத்து, அயோடின் கலந்த மருந்தைச் சிறுநீர்ப் பாதைக்குள் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார்கள். பின்னங்கால்களை முன்னே இழுத்துவைத்து ஒரு படமும், இயல்பான கிடையில் இன்னொன்றும் எடுத்தார்கள். மணல் மூட்டையும் பிளாஸ்திரியும்தான் நாயைப் பிடித்திருந்தன. கதிர் விழும் இடத்தில் ஒருவருடைய கையும் இல்லை. முந்தைய கிளினிக்கில் கையுறைகூடத் தராமல் என்னையே கால்களைப் பிடிக்கச் சொன்னார்கள். ஈய ஏப்ரன் சிதறி வரும் கதிர்களிலிருந்து காப்பதற்கானது. நேர்க்கதிரில் கையை நீட்டிக்கொண்டு அதை நம்புவது தவறு. எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் 1895-இல் மனைவியின் கையைப் படமெடுத்தது வரலாறு. நாயின் எக்ஸ்-ரே ஓரத்தில் இன்றும் யாரோ ஒருவருடைய விரல்கள் தெரிவது அலட்சியம்.

பூனையின் கதை வேறு. இரண்டு நாளாக வாந்தி, உணவைத் தொடவில்லை. இங்கேயும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் மருத்துவர் செய்தது, பூனையைத் துண்டில் சுற்றி வாயைத் திறந்து நாக்கின் அடியைப் பார்த்ததுதான். தையல் நூல் அங்கே வளையமாக மாட்டியிருந்தது. ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், குடல் நாடா கோத்த துணிபோலச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் நூலைப் பிடித்து இழுத்தால் குடல் அறுபடக்கூடும். நான் பார்த்திருந்தால் நிச்சயம் இழுத்திருப்பேன். இரண்டு கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரேயில் குடல் ஒரு பக்கமாகக் குவிந்து, காற்றுக் குமிழிகள் காற்புள்ளி வடிவில் சிதறிக் கிடந்தன. அல்ட்ராசவுண்டில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய குடல் தெளிவாகவே தெரிந்தது. பூனையின் உடல் சிறியது என்பதால் உடலில் வைத்து ஒலியலை அனுப்பும் ப்ரோபை மாற்றி, அதிக அதிர்வெண் கொண்டதைப் போட்டார்கள். அது ஆழமாகப் போகாது, ஆனால் படம் கூர்மையாக வரும். சி.டி. வேண்டுமா என்று நானே கேட்டதற்கு, அறுவைக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது, அதற்காக மயக்கம் கொடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம் என்றார் மருத்துவர். சி.டி. இயந்திரத்தைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி குறைகள். நாய்களும் பூனைகளும் ஒரே கூடத்தில் காத்திருக்கின்றன; கூண்டுக்குள் ஒடுங்கிய பூனையின் இதயத்துடிப்பு எகிறிய பிறகு அதை ஸ்கேன் மேசையில் அமைதியாகப் படுக்கவைக்கப் படாத பாடு படுவதில் என்ன பொருள்? இது சிறிய குறை. பெரிய குறை அறிக்கை. நாய்க்குச் சனிக்கிழமை எடுத்த ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை மாலைதான் எழுத்து வடிவில் அறிக்கை வந்தது. மருத்துவர் வாயால் விளக்கியது அத்தனை தெளிவு. தாளில் வந்ததோ கல்லின் எண்ணிக்கையும் அளவும்கூட இல்லாத நான்கு வரி. படங்களைக் கேட்டபோது வரவேற்பில் இருந்தவர் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். மருத்துவப் படங்களை அளவுகளோடு சேமிக்கும் அசல் டைகாம் கோப்புகளை வாங்க இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. அறுவை செய்யும் மருத்துவர் வேறிடத்தில் இருக்கும்போது, கைப்பேசிப் படத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன அளக்க முடியும்?

மூன்றாம் முறை, அறுவையும் உணவு மாற்றமும் முடிந்து நாயை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனோம். அதே மருத்துவர், அதே பொறுமை, வளர்ந்திருந்த மயிரை மீண்டும் மழித்தார்கள். சிறுநீர்ப்பை சுத்தமாக இருந்தது. சுவரின் தடிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க அவர் பழைய படத்தைத் தேடினார். கணினியை மாற்றியதில் அது எங்கோ போய்விட்டதாக உதவியாளர் தலையைச் சொறிந்தார். என் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து நீட்டினேன்.