ஆறு பருவம், ஒரு பழைய பாய்ப்படகு: ஹம்பிளிலிருந்து ஃபால்மத் வரை நானும் இவரும்

இங்கிலாந்தின் தென்கரையில், ஹம்பிள் ஆற்றிலிருந்து ஓட்டும் இந்தப் பாய்ப்படகை வாங்கி ஆறு பருவம் முடிந்துவிட்டது. முதல் வருடம் எழுதியிருந்தால் முழுக்கப் புகழ்ச்சியாக இருந்திருக்கும். இரண்டாம் வருடம் எழுதியிருந்தால் 'விற்பனைக்கு' என்று முடிந்திருக்கும். இப்போது இரண்டும் இல்லாமல் எழுதலாம் என்று படுகிறது.

முதலில் எங்களைப் பற்றி. இவர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த கதையை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் வவுனியாக்காரி, குளத்தைத் தவிர வேறு தண்ணீர் தெரியாமல் வளர்ந்தவள். கடலோடி வம்சத்துக்கு, வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறையைத் தாண்டி இருபது நிமிடத்தில் வாந்தி வருகிறது. குளத்துக்காரிக்கு இதுவரை வரவில்லை. அதனால்தான் சுக்கான் என் கையில் வந்தது, திறமையால் அல்ல. பிறகு சௌத்தாம்ப்டனில் பகலில் சிறு படகை நடத்தக் கற்றுத்தரும் ஐந்து நாள் டே ஸ்கிப்பர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தேன்.

படகு வெஸ்டர்லி சென்டோர், 26 அடி. 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் கட்டப்பட்ட வகை. இங்கிலாந்தின் எந்த ஆற்று வாய்க்குள் போனாலும் ஒன்று நிற்கும். 2019இல் எட்டாயிரம் பவுணுக்குள் வாங்கினோம். இதன் முழு மகிமையும் அடியில் இருக்கிற இரட்டைக் கீல். கீல் என்பது படகு கவிழாமல் அடியில் நீட்டி நிற்கும் பாரமான செதில். ஒற்றைக் கீல் படகு தண்ணீர் வற்றினால் பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும். இது இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும். ஒரு மீற்றருக்கும் குறைவான ஆழத்தில் மிதக்கும். காற்றை எதிர்த்து ஏறும்போது ஒற்றைக் கீல் படகுகள் எங்களை முந்திக்கொண்டு போகும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வைட் தீவின் நியூடவுன் ஓடையில் வற்று நேரம் சேற்றில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி ஆறு மணித்தியாலம் நாரை பார்த்த ஒரு பின்னேரத்துக்காகவே இந்த வேகக் குறைச்சலை மன்னித்துவிட்டேன்.

இங்கிலாந்துக் கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சொலன்ட் நீரிணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு பருவமும் அதற்குள்ளேதான் சுற்றினோம். நடுவில் பிராம்பிள் என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், தண்ணீர் மிகவும் வற்றும் நேரத்தில், அதன் மேல் கிரிக்கெட் ஆடுவார்கள். பெருக்கு வந்ததும் ஆட்டம் முடிவு. மற்ற நாட்களில் அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு 400 மீற்றர் கொள்கலன் கப்பல்கள் திரும்பும். 150 மீற்றருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1,000 மீற்றரும் இரு பக்கமும் 100 மீற்றரும் நம்மைப் போன்றவர்கள் நுழையக்கூடாத இடம் என்பது அங்கே சட்டம். வானொலியில் 12ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால் எந்தக் கப்பல் எப்போது வெளிக்கிடுகிறது என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்கப் பழகியது எந்தக் கருவி வாங்கியதையும்விடப் பெரிய பாதுகாப்பு.

கருவிகளைச் சொன்னேன் அல்லவா, அவற்றையும் முடித்துவிடுகிறேன். தானியங்கிச் சுக்கான்பிடி நாலாம் பருவத்தில் மழைநீர் புகுந்து செத்தது. இப்போது இரண்டாவது ஓடுகிறது, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். சூரியத் தகடு ஒரு வார்த்தை குறை சொல்லமுடியாது. தானாக ஊதும் உயிர்காப்பு அங்கிகளில் ஒன்று, யாரும் தொடாமல், ஈரமான அலுமாரிக்குள் நள்ளிரவில் வெடித்து ஊதியது. இவர் கள்ளன் என்று எழும்பினார். அன்றிலிருந்து அங்கிகள் காய்ந்த இடத்தில் தொங்குகின்றன. வருடம் ஒருமுறை வாயுக் குப்பியைக் கழற்றி நிறை பார்க்கிறோம். கையால் பம்ப் அடிக்கும் கழிப்பறை பற்றி ஒன்றே ஒன்று: உதிரிப் பாகங்களும் ரப்பர் கையுறையும் படகில் இருக்கட்டும். மேலே கேட்காதீர்கள்.

இயந்திரக் கதை வேறு. பருவத் தொடக்கத்தில் ஒரு பட்டறை, இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றியதாகக் காசு வாங்கியது. ஜூன் மாதம், வைட் தீவின் யார்மத் துறைமுகத்துக்கு வெளியே, புகைபோக்கியில் தண்ணீர் துப்புவது நின்றது. அபாய மணி அலறியது. காற்று இல்லை, வற்று நீரோட்டம் எங்களை மேற்கே, சொலன்டின் ஒடுங்கிய வாயான ஹர்ஸ்ட் ஒடுக்கத்துக்கு இழுத்தது. அங்கே பெருவற்று நாளில், அதாவது அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, நீரோட்டம் மணிக்கு 4 கடல் மைலைத் தாண்டும், அடியும் மிக ஆழம், நங்கூரம் பிடிக்காது. அதற்குள் போகுமுன் நங்கூரத்தைப் போட்டோம். திறந்து பார்த்தால் சக்கரத்தில் மூன்று இதழ் இல்லை. முறிந்த விளிம்பு கறுத்துக் காய்ந்து கிடந்தது. புதுசு அல்ல, எந்தக் காலத்துச் சாமானோ. உதிரிச் சக்கரம் எங்களிடம் இருந்தது, நாற்பது நிமிட வேலை. இப்போது ஒவ்வொரு பருவமும் நானே மாற்றுகிறேன். இரண்டு உதிரி, மிளகாய்த்தூள் டின்னுக்குப் பக்கத்தில்.

2023 ஜூனில்தான் பெரிய பயணம். ஐந்து கிழமை லீவு எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபால்மத் வரை போய்த் திரும்புவது என்று முடிவு. யார்மத்திலிருந்து வற்று தொடங்கும்போது வெளிக்கிட்டால், மணிக்கு 5 கடல் மைல் ஓடும் படகு ஹர்ஸ்ட்டில் 9 மைல் வேகத்தில் பாயும். அரை மணி பிந்தினால் அதன் பலனை நாள் முழுக்க இழக்க வேண்டும். பூல் துறைமுகத்தில் இரண்டு இரவு. 1907இல் சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் நடந்த பிரவுன்சீ தீவையும் அதன் சிவப்பு அணிலையும் பார்த்தோம். ஸ்டட்லண்ட் விரிகுடாவில் கடற்புல்லுக்குள் கடற்குதிரை வாழ்வதால் ஒரு பகுதியில் நங்கூரம் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். புல்லைக் கிழிக்காத மிதவைகள் போட்டிருக்கிறார்கள், அதில் கட்டினோம். சென்ட் ஆல்பன்ஸ் முனை, இராணுவம் குண்டு சுட்டுப் பழகும் லல்வர்த் கடல், பிறகு வெய்மத்.

வெய்மத் எனக்குப் பிடித்துப்போனது. அது மரீனா (வசதிகளோடு கட்டிய படகு நிறுத்துமிடம்) அல்ல, ஊருக்கு நடுவே பழைய கல் துறை. இடம் இல்லாவிட்டால் அடுத்தவர் படகோடு உங்கள் படகைக் கட்டவேண்டும். உங்களோடு இன்னொருவர் கட்டுவார். மூன்று நாலு படகு வரிசையாக. கரைக்குப் போக அடுத்தவர் படகைத் தாண்டித்தான் போகவேண்டும். அதற்கு ஒரு மரியாதை உண்டு: படகின் முன்பக்கமான அணியத்தால் மெதுவாக நடந்து போகவேண்டும், அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தால் போகக்கூடாது. ஊரில் அடுத்த வளவுக்குள்ளால் குறுக்கே போகும்போது வீட்டு வாசலைப் பாராமல் வேலி ஓரமாகப் போவோமே, அதேதான். எங்களுக்கு அடுத்துக் கட்டிய வயதான தம்பதிக்கு இவர் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். அவர்கள் மறுநாள் விடிய நாலரைக்கு வெளிக்கிட்டபோது எங்கள் கயிற்றை நாங்கள் எழும்பாமலே கழற்றி மறுபடி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெய்மத்துக்கு அப்பால் போர்ட்லண்ட் பில் முனை. தென்கரையில் படகு ஓட்டும் எவரிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெருங்கல். அதன் இரு பக்கமும், பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஒன்பது பத்து மணித்தியாலம், நீரோட்டம் தெற்கு நோக்கியே தள்ளும். இரண்டும் முனையில் மோதுகிற இடத்தில் கடல் கொதிக்கும். அதை ரேஸ் என்கிறார்கள். பெருவற்றில் 7 மைல் வேகம் வரும்; எங்கள் படகு முழு வேகத்தில் ஓடினாலும் பின்னால்தான் போகும். தப்ப வழி இரண்டு. ஒன்று, பல மைல் வெளியே சுற்றுவது. மற்றது, பகலில், அமைதியான நாளில், சரியான நேரத்துக்குக் கரையோடு ஒட்டி, பாறைக்கும் கொதிப்புக்கும் இடையில் உள்ள ஒரு சின்ன ஒழுங்கையால் நழுவுவது.

மூன்று நாள் காற்றுக்காகக் காத்திருந்தோம். நாலாம் நாள் போனோம். முனைக்கு ஒரு மைல் இருக்கும்போது வெளிச்சவீட்டுக்குக் கீழே வெள்ளைக் கோடு தெரிந்தது. காற்று முன்னறிவிப்பில் சொன்னதைவிடக் கூட, நேரமும் நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. பூலில் வாங்கிய பாண் முடிகிறது, லீவு கரைகிறது என்று எனக்குள்ளும் கணக்கு ஓடியது.

"இஞ்சாருங்கோ, திரும்புவம்," என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்திட்டமேயப்பா. ஒழுங்கையைப் பார், கிடக்குத்தானே."

கிடந்ததுதான். ஆனால் எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. இரண்டாம் பருவத்தில், படகை விற்பதா எங்களை விற்பதா என்ற அளவுக்குச் சண்டை பிடித்த பிறகு வந்த விதி. யாருக்குப் பயம் கூடவோ அவர் சொல்வதுதான் முடிவு. காரணம் கேட்கக்கூடாது, கரைக்கு வந்த பிறகும் குத்திக் காட்டக்கூடாது. இவர் வாயை மூடிக்கொண்டு பாய்க்கயிற்றைப் பிடித்தார். எதிர் நீரோட்டத்தில் வெய்மத் திரும்ப மூன்று மணித்தியாலம். இவர் குத்திக் காட்டவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினார், அதை விதி தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே இடம் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. 1906இல் கட்டிய அந்தச் சிவப்பு வெள்ளை வெளிச்சவீட்டுக்கு அடியால், பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் தெரியும் கிட்டத்தில், இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டுப் போனோம். ஒருவர் கை காட்டினார். எங்களுக்கு இடப்பக்கம் நூறு மீற்றர் தள்ளித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம், முடிந்துவிட்டது. பிறகு லைம் விரிகுடாவைக் குறுக்கே வெட்டி டார்ட்மத் போகப் பதினொரு மணித்தியாலம். பெரும்பகுதி ஒன்றுமே நடக்கவில்லை. இறகு கட்டிய தூண்டிலில் ஐந்து மக்கரல் ஏறியது, ஊர்க் கும்பிளாவுக்குச் சொந்தக்கார மீன். புளி விட்டுக் குழம்பு வைத்தேன். வாந்திக்காரர் இஞ்சித் துண்டைக் கடித்துக்கொண்டு மணத்தை மட்டும் அனுபவித்தார்.

அதற்குப் பிறகு கரை அழகாகிக்கொண்டே போகும், துறைக்கட்டணமும் கூட. எங்கள் 26 அடிக்கு ஒரு இரவுக்கு 25 முதல் 40 பவுண் வரை கொடுத்தோம். நடுஆற்று மிதவையில் கட்டினால் அதைவிட மலிவு, ஆனால் கரைக்குத் துடுப்புப் படகில் போகவேண்டும். மின்சாரம், சுடுநீர், சலவை இயந்திரம் வேண்டுமென்றால் மரீனா. மூன்று நாளைக்கு ஒருமுறை மரீனா, மிச்சம் மிதவை என்பது எங்களுக்குச் சரிவந்தது. ஒரு மரீனாவில், பெயர் வேண்டாம், முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த இடத்தில் வற்று நேரம் தண்ணீரே இல்லை. இரட்டைக் கீல் என்பதால் நாங்கள் சேற்றில் நிமிர்ந்து நின்றோம். பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் சாய்ந்து கிடந்தார்.

சால்கம் துறைமுக வாய்க்குள் நுழையுமுன் மணல்மேடு இருக்கிறது. தெற்குக் காற்றும் வற்றும் சேர்ந்தால் அங்கே அலை உடையும். 1916இல் மீட்புப் படகே அதில் கவிழ்ந்து 15 பேரில் 13 பேர் போனார்கள். நாங்கள் பெருக்கில், வெயிலில், ஐஸ்கிரீம் யோசனையோடு நுழைந்தோம். பிளிமத்தில் ஒரு நாள் மழை. ஃபோய் துறைமுகத்தில் வெண்களிமண் ஏற்ற வரும் கப்பலுக்கு வழி விட்டு ஒதுங்கினோம்.

ஃபால்மத்தில் இவர் இன்னொரு கப்பல் கதை சொல்லி என்னைப் பழிவாங்கினார். 1968 ஜூனில் இதே துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டு, 312 நாள் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, முதல் ஆளாக இதே இடத்துக்குத் திரும்பிய ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டனின் சுஹைலி 32 அடிப் படகு, கட்டியது பம்பாயில், தேக்கு மரத்தில். "பார்த்தியே, எங்கட பக்கத்து மரம்," என்றார். வல்வெட்டித்துறைக்கும் பம்பாய்க்கும் என்ன பக்கம் என்று கேட்கவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: படகு விலையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வருடமும் அதைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்துக்குப் பூச்சு அடிக்கும் செலவு, கட்டுமிடத்தின் வாடகை, காப்புறுதி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு மூன்று நாலு வருடத்தில் படகு விலையை அவை தாண்டிவிட்டன. முடிந்தால் முதலில் இருவரும் ஒரு கிழமை வாடகைப் படகில் போய்ப் பாருங்கள், அதுவும் மழைக் கிழமையில்.

அடுத்த சனிக்கிழமை பெருக்கு விடிய ஆறு பத்துக்கு. இவர் வற்றுப்பெருக்கு அட்டவணையில் அதைச் சுற்றிக் கோடு போட்டு, மணிக்கூட்டை நாலரைக்கு வைத்துவிட்டார். இடியப்பம் வெள்ளி இரவே அவித்து வைக்கவேண்டும்.